சட்டைப் பையில் ஃபியூஸ்!

ராத்திரி லைட்டை அணைத்துவிட்டுப் படுக்கிறீர்கள். அறை இருட்டாகிவிட்டது. ஆனால், அந்த எல்.இ.டி. பல்பு மட்டும் முழுசாகத் தூங்காமல் மங்கலாக மினுக்கிக்கொண்டே இருக்கிறது. பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் நண்பர், ‘‘புது பல்பு இல்லியா... கொஞ்சம் கரண்ட்டை ஸ்டாக் வெச்சிருக்கும்டா!’’ என்று விஞ்ஞான விளக்கம் கொடுத்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார்.

அந்த மினுக்கலுக்குச் சாதுவான காரணங்கள் உண்டு. ஸ்விட்சிலேயே சிவப்பாக ஒரு குட்டி இண்டிகேட்டர் இருந்தால், அதன் வழியே கசியும் துளி கரண்ட் போதும், எல்.இ.டி. லேசாக முழித்துக்கொள்ளும். நீளமான பைப்புக்குள் வயர்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போனாலும் அப்படி ஆகலாம். ஆனால், மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கிறது. அவன்தான் வில்லன். வயரிங் பண்ணின மகானுபாவர் ஸ்விட்சை ஃபேஸ் வயரில் போடாமல் நியூட்ரல் வயரில் போட்டிருப்பார்!

‘அதனால் என்ன சார், லைட் எரியுது, அணையுது... அது போதாதா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

வீட்டுக்குள் வருவது இரண்டு வயர். ஃபேஸ் என்பது 230 வோல்ட்டோடு வருகிறது. நியூட்ரல் என்பது கரண்ட் திரும்பிப் போகிற வழி. பல்பு எரிய இரண்டும் வேண்டும். எந்த ஒன்றை வெட்டினாலும் பல்பு அணைந்துவிடும். பல்புக்குக் கவலையில்லை. ஸ்டூல் மேல் ஏறி நின்று ஹோல்டரைக் கழற்றுகிற உங்களுக்குத்தான் கவலை. ஃபேஸை வெட்டினால் ஹோல்டரில் கரண்ட் இல்லை. நியூட்ரலை வெட்டினால்... ஸ்விட்ச் ஆஃப், பல்பு ஆஃப், ஆனால் ஹோல்டரில் 230 வோல்ட் ஆன்! அது வெளியேற வழி தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் ஈரக் கையோடு போய், ‘இதோ நான் இருக்கேன்’ என்கிறீர்கள்.

1956-ல் வந்த இந்திய மின்சார விதிகளிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: நியூட்ரலில் தனியாக ஸ்விட்சும் போடக் கூடாது, ஃபியூஸும் போடக் கூடாது, போட்டால், ஃபேஸையும் சேர்த்து ஒரே சமயத்தில் வெட்டுகிற மாதிரிதான் போட வேண்டும். அந்த விதிகள் போய் 2010-ல் மத்திய மின்சார ஆணையத்தின் புதுவிதிகள் வந்தன. அதுவும் போய் 2023-ல் இன்னொன்று வந்தது. சில வீடுகளின் ஹோல்டர்களுக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

ஆக, விஷயம் இதுதான். அணைப்பது வேறு, துண்டிப்பது வேறு. நாம் எல்லோரும் அணைத்துவிட்டு, துண்டித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வாழ்கிறோம். முக்கால்வாசி நாள் ஒன்றும் ஆவதில்லை. அதனாலேயே தைரியம் வந்துவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு எலெக்ட்ரீஷியன் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். பழைய வீடுகளில் வேலைக்குப் போனால் முதலில் மெயினை அணைப்பார். அடுத்து, பீங்கானில் செய்த அந்த கிட்கேட் ஃபியூஸின் மேல் பாகத்தை ‘டப்’பென்று உருவுவார். உருவியதை போர்டு மேல் வைக்க மாட்டார். சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பீடிக் கட்டுக்குப் பக்கத்தில் ஃபியூஸ் கேரியர்! அதற்கப்புறம்தான் ஏணி.

‘‘எதுக்குண்ணே பையில போட்டுக்கறீங்க? அங்கயே வெச்சா என்ன?’’ என்று ஒரு தடவை கேட்டேன்.

‘‘தம்பி, நான் மேல தொங்கிட்டு இருப்பேன். வீட்டம்மா சமையல் ரூம்லேர்ந்து வருவாங்க. ‘ஏன் மிக்ஸி ஓடலை?’ன்னு பாப்பாங்க. ஃபியூஸ் கழண்டு கிடக்கு... எடுத்து மாட்டிருவாங்க. அவங்க மேல தப்பு இல்ல. அவங்களுக்குச் சட்னி அரைக்கணும். என் உசுரு என் பையில இருந்தா எனக்கு நிம்மதி!’’

பெரிய தொழிற்சாலைகளில் இதையே ‘லாக் அவுட்’ என்று சொல்லிப் பயிற்சி வகுப்பெல்லாம் நடத்துகிறார்கள். மெஷினைப் பழுது பார்க்கப் போகிறவர், மெயின் ஸ்விட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு. கடைசி ஆள் வந்து திறக்கிற வரை மேனேஜரே வந்தாலும் மெஷின் ஓடாது. எங்கள் தெரு அண்ணன் அந்த வகுப்புக்கெல்லாம் போனவர் இல்லை. தொழிலில் அடிபட்டுக் கற்றுக்கொண்டது.

இப்போது கிட்கேட் ஃபியூஸ் போய் எம்.சி.பி. வந்துவிட்டது. சௌகரியம்தான், ஃபியூஸ் வயருக்குப் பதிலாக கேபிளிலிருந்து உருவிய செம்பு இழையை முறுக்கிப் போடுகிற அநியாயம் ஒழிந்தது. (அப்படிப் போட்டால் ஃபியூஸ் உருகாது, சுவருக்குள் இருக்கிற வயர் உருகும்.) ஆனால், எம்.சி.பி.யை உருவிப் பையில் போட்டுக்கொள்ள முடியாதே! கீழே தள்ளியதை எவரும் வந்து மேலே தள்ளிவிடலாம். அதற்குப் பூட்டுப் போடச் சின்ன கிளிப் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் எம்.சி.பி. மேல் அகலமான இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, ‘வேலை நடக்கிறது... தொடாதே’ என்று ஒரு காகிதம். அதுவும் முடியாவிட்டால் நம்பகமான ஒரு ஆளை போர்டு பக்கத்தில் நிறுத்துங்கள். செல்போன் பார்க்காத ஆளாக இருந்தால் விசேஷம்.

இன்னொரு சங்கதி. லைட், ஃபேனுக்கு என்று வரிசையாக இருக்கிற சின்ன எம்.சி.பி.க்கள் பெரும்பாலும் ஃபேஸை மட்டும்தான் வெட்டும். அந்த வரிசைக்குத் தலைமாட்டில், அகலமாக, இரண்டு வயரையும் ஒன்றாக வெட்டுகிற ஒன்று இருக்க வேண்டும். கடையில் ஐசொலேட்டர் என்பார்கள். அதைத் தள்ளினால்தான் வீடு நிஜமாகத் துண்டிக்கப்படுகிறது. கீசருக்கும் ஏ.சி.க்கும் தனியாக டி.பி. ஸ்விட்ச் போடுவது இதனால்தான். டி.பி. என்றால் டபுள் போல், இரண்டையும் வெட்டுவது. மற்றபடி மீட்டருக்கு முன்னால் இருக்கிற ஃபியூஸும் சீலும் ஈ.பி.யின் சொத்து. அதில் நமக்கு வேலை இல்லை.

பழைய வீடுகளில் ஒரு பொறி உண்டு. அந்தக் காலத்தில் ஃபேஸுக்கு ஒரு ஃபியூஸ், நியூட்ரலுக்கு ஒரு ஃபியூஸ் என்று ஜோடியாகப் போட்டிருப்பார்கள். ‘ரெண்டு இருந்தா டபுள் பாதுகாப்பு’ என்று தோன்றும். ஆனால் நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போய்விட்டால் என்ன ஆகும்? வீடே இருட்டு. ஒரு ஃபேன் கிடையாது, ஒரு லைட் கிடையாது. ஆனால், ஃபேஸ் வயர் முழுக்க 230 வோல்ட் உயிரோடு இருக்கும். போட்டிருக்கிற லைட், ஃபேன் வழியாக அது நியூட்ரலுக்கும் வந்து நிற்கும். ‘கரண்ட்தான் இல்லையே’ என்று ஸ்விட்ச் போர்டைத் திறந்து கையை விடுவதற்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது. அப்படி ஜோடி ஃபியூஸ் இன்னும் இருக்கிற வீடுகள் உண்டு. உங்கள் வீட்டில் இருந்தால், நியூட்ரல் ஃபியூஸை எடுத்துவிட்டு நேர் இணைப்பு போடச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை.

இன்றைக்கு இதைவிடப் பெரிய பொறி மாடிப்படிக்குக் கீழே குளிர்சாதனப் பெட்டி போலச் சாதுவாக ‘ம்ம்ம்...’ என்று முனகிக்கொண்டு இருக்கிறது. இன்வெர்ட்டர்!

2012-ல் தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போன காலம் ஞாபகம் இருக்கிறதா? அப்போது கடன் வாங்கியாவது இன்வெர்ட்டர் வாங்கினோம். ஏற்கெனவே இருக்கிற வயரிங்கில் அதைக் கொண்டுவந்து சொருகிக் கொடுத்தார்கள். ஃபேன் ஓடியது. தூக்கம் வந்தது. வேறெதையும் யாரும் கேட்கவில்லை.

இன்வெர்ட்டருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஈ.பி. கரண்ட் வருகிறதா, வரவில்லையா? வரவில்லை என்றால் உடனே தன் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் தயாரித்துக் கொடுக்கும். அது ஈ.பி.காரர் நிறுத்தியதா, நீங்கள் நிறுத்தியதா என்றெல்லாம் அதற்குப் பேதம் கிடையாது. நீங்கள் ஃபேன் ரெகுலேட்டரை மாற்றுவதற்காகப் பொறுப்பாக மெயினை அணைக்கிறீர்கள். இன்வெர்ட்டர், ‘ஐயோ, கரண்ட் போச்சே... முதலாளிக்கு வியர்க்குமே!’ என்று விசுவாசமாக ஃபேன் சர்க்யூட்டுக்குக் கரண்ட் கொடுத்துவிடுகிறது. நீங்கள் எந்த வயரைத் தொடப் போகிறீர்களோ, சரியாக அந்த வயருக்கு!

சரி, இன்வெர்ட்டரின் முன்பக்கப் பட்டனை மட்டும் அணைத்தால் போதுமா? போதாது. நம் வீடுகளில் இருக்கும் பெரும்பாலானவற்றில், ஈ.பி. கரண்ட் இருக்கிறபோது அந்தப் பட்டன் ஆஃபில் இருந்தாலும் கரண்ட் இன்வெர்ட்டருக்குள் புகுந்து மறுபக்கம் வந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே இரண்டும்: முதலில் இன்வெர்ட்டர் பட்டன், அப்புறம் மெயின். அதோடு இன்வெர்ட்டரின் பிளக்கையும் உருவிவிட்டால் இன்னும் நல்லது. அதற்கப்புறமும் டெஸ்ட் பண்ணாமல் தொடக் கூடாது.

அவசரத்துக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பவர்கள் சிலர் ஒரு காரியம் செய்வார்கள். வயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டி, ஒரு முனையை ஜெனரேட்டரில் சொருகி, இன்னொரு முனையை வீட்டு சாக்கெட்டிலேயே சொருகிவிடுவார்கள். வீடு முழுக்க லைட் எரியும், கல்யாணக் களை கட்டும். மெயினை அணைக்க மறந்திருந்தால் அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மருக்குத் திசை தெரியாது. 11,000 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கிற அதே சாமான், உங்கள் ஜெனரேட்டர் கொடுப்பதை எதிர்ப்பக்கம் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றிவிடும். அங்கே லைன் ஆஃப் என்று நம்பி, கம்பத்தில் ஏறி நிற்கிறவருக்கும் வீட்டில் பெண்டாட்டி, பிள்ளைகள் இருக்கிறார்கள். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் என்று ஒன்று இருப்பது இதற்குத்தான். ஒரு நேரத்தில் ஈ.பி. அல்லது ஜெனரேட்டர். இரண்டும் சேரவே சேராது.

‘நான் டெஸ்டர் வெச்சுப் பார்த்துட்டுத்தான் சார் கையை வெப்பேன்’ என்பவர்களுக்கு ஒரு கும்பிடு. வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் முப்பது, நாற்பது ரூபாய் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை ஹரிச்சந்திரன் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குள் இருக்கிற நியான் விளக்கு, உங்கள் உடம்பின் வழியாகப் போகிற மிக மிகச் சிறிய கரண்ட்டில்தான் எரிகிறது. காய்ந்த மர ஸ்டூலில், ரப்பர் செருப்போடு நின்றால் எரிவது தெரியாமலே போகலாம். மொட்டை மாடி வெயிலில் எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே நியான் செத்திருந்தால், எல்லா வயரும் செத்தது மாதிரியே காட்டும்.

அண்ணன் செய்வது வேறு. முதலில் கரண்ட் இருக்கிற ஒரு பாயிண்டில் டெஸ்டரை வைத்து, எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு, துண்டித்த இடத்தில் வைத்துப் பார்ப்பார். எரியவில்லை. உடனே திரும்பவும் அந்தக் கரண்ட் இருக்கிற பாயிண்டுக்குப் போய், டெஸ்டர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று மூன்றாவது தடவை சோதிப்பார். அதன்பிறகு ஹோல்டரில் வயர் மாட்டி வைத்திருக்கும் தன் டெஸ்ட் லாம்ப்பை எடுத்து, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒரு தடவை, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு தடவை. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகாது. பார்க்கிற நமக்குத்தான், ‘என்ன இந்த ஆள் இப்படி இழுத்தடிக்கிறார்’ என்று எரிச்சலாக இருக்கும்.

கொஞ்சம் கணக்குப் போடலாமா? பயப்படாதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

நம் வீடுகளில் ‘ஜீரோ வாட்’ பல்பு என்று ஒன்று உண்டு. பெயர்தான் ஜீரோ, பழைய இழை பல்பாக இருந்தால் சுமார் 15 வாட் சாப்பிடும். அதில் ஓடுகிற கரண்ட், 15-ஐ 230-ஆல் வகுத்தால், சுமார் 65 மில்லி ஆம்பியர். ஆயிரத்தில் 65 பங்கு ஆம்பியர். இது போதும் ஒரு மனிதனைக் கொல்ல. கையிலிருந்து காலுக்கு நெஞ்சு வழியாக ஓரிரு விநாடி ஓடினால், இதயம் துடிப்பதை விட்டுவிட்டு நடுங்க ஆரம்பித்துவிடக்கூடும்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் டால்ஸீல் என்றொரு பேராசிரியர் இருந்தார். 1940-களிலும் 50-களிலும், தாமாக முன்வந்தவர்களின் கையில் மின்கம்பியைக் கொடுத்து, கரண்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எந்த அளவு வரை அவர்களால் கையை விட முடிகிறது என்று அளந்தார். (நம் ஊரில் இப்படி ஒருவர் கிளம்பியிருந்தால் முதல் நாளே போலீஸ் வந்திருக்கும்.) ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் தசைகள் இறுகி, பிடித்த கை பிடித்தபடியே இருக்கும். ‘கரண்ட் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு’ என்று நம் பாட்டிகள் சொல்வது இதைத்தான். கரண்ட் பிடிப்பதில்லை, நம் கைதான் விட மறுக்கிறது.

இப்போது உங்கள் எம்.சி.பி.யைப் பாருங்கள். அதில் 16 என்று எழுதியிருக்கிறதா? 16 ஆம்பியர்! அதாவது 16,000 மில்லி ஆம்பியர். உங்களைக் கொல்ல 65 போதும் என்கிறபோது, அது 16,000-க்கு மேல் போனால்தான் திரும்பியே பார்க்கும். எம்.சி.பி. உங்கள் நண்பன் இல்லை. அது வயருக்கு நண்பன். வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் உத்தியோகம்.

‘எர்த் இருக்கே சார்!’ என்பீர்கள். இருக்கிறது. பூமிக்குள் பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடி, பச்சை வயர் இழுத்திருப்பார்கள். வீடு கட்டியபோது தண்ணீர் ஊற்றியதோடு சரி. சென்னை வெயிலில் மண் காய்ந்து, அதன் தடை 20 ஓம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிரைண்டருக்குள் ஃபேஸ் வயர் பிய்ந்து, அதன் இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டது. எர்த் வழியாக எவ்வளவு கரண்ட் போகும்? 230 வகுத்தல் 20. பதினொன்றரை ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி., ‘இதெல்லாம் ஒரு கரண்ட்டா!’ என்று சும்மா இருக்கும். கிரைண்டர் உடம்பு கிட்டத்தட்ட முழு வோல்ட்டேஜோடு, மாவு அள்ள வருகிற ஈரக் கைக்காகக் காத்துக்கொண்டிருக்கும். எர்த் இருந்தும்!

இந்த இடத்தில்தான் ஆர்.சி.சி.பி. வருகிறது. பழைய ஆட்கள் ஈ.எல்.சி.பி. என்றே சொல்வார்கள், கடையில் எப்படிக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். அதன் யுக்தி ரொம்ப எளிது. ஃபேஸில் போன கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பி வந்த கரண்ட்டும் சமமா என்று ஒரு கறாரான கணக்குப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டே இருக்கும். நூறு போனால் நூறு வர வேண்டும். குறைந்தால், ‘மிச்சம் எங்கேய்யா போச்சு?’ என்று சந்தேகப்பட்டு, இரண்டு வயரையும் வெட்டிவிடும். வீட்டுக்கு வாங்க வேண்டியது 30 மில்லி ஆம்பியர் வகை. 150 மில்லி ஆம்பியர் கசிந்தால் 40 மில்லி செகண்டுக்குள், நீங்கள் ‘ஐயோ’ சொல்லி முடிப்பதற்குள், வெட்டியாக வேண்டும் என்பது அதற்கான தரம். அந்த 20 ஓம் எர்த்தோடு சேர்ந்தால்கூட, கிரைண்டரில் ஃபேஸ் பட்ட கணமே அது விழுந்துவிடும். யாரும் தொடுகிற வரை காத்திருக்காது.

அதற்காக எர்த் வேண்டாம் என்று அர்த்தமில்லை. எர்த் இருந்தால் ஆர்.சி.சி.பி. முன்கூட்டியே விழும். இல்லாவிட்டால், நீங்கள் தொட்ட பிறகு, உங்கள் வழியாகக் கசிந்த பிறகு விழும். முதல் வகை நல்லது!

ஆர்.சி.சி.பி.க்கும் தெரியாதது உண்டு. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்துக்கொண்டு மர ஸ்டூலில் நின்றால், உங்களையும் ஒரு பல்பு என்றே அது நினைக்கும். போனதும் வந்ததும் சமம், கணக்கு சரி. இன்வெர்ட்டர் கொடுக்கிற கரண்ட்டுக்கு மெயின் பக்கம் மாட்டிய ஆர்.சி.சி.பி. காவல் இருக்கும் என்றும் நம்ப முடியாது. அதனால், அது இருக்கிறது என்ற தைரியத்தில் துண்டிக்காமல் வேலை செய்யக் கூடாது.

பேச்சிலர் ரூம்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே நான் பார்த்திருக்கிற காட்சிகளை வைத்து ஒரு திகில் தொடரே எழுதலாம். வெந்நீர் போடுகிற ராடுக்குப் பிளக் உடைந்துபோயிருக்கும். வயரின் இரண்டு முனையையும் நேராக சாக்கெட் ஓட்டைக்குள் விட்டு, ஆளுக்கொரு தீக்குச்சி சொருகி இறுக்கியிருப்பார்கள். 1500 வாட் ராடு, ஆறரை ஆம்பியர், தீக்குச்சி! அதுவும் மூன்றாவது வயர், பச்சை, அநாதையாகக் காற்றில் தொங்கும். சுடுகிறதா என்று பார்க்க, ஸ்விட்சை அணைக்காமலே இரும்பு வாளிக்குள் விரலை விடுகிற வீரர்களும் உண்டு.

அந்த மூன்றாவது பின் மற்ற இரண்டைவிட நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது அழகுக்காக இல்லை. பிளக்கைச் சொருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும், உருவும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக. அதைப் போய் ‘உள்ளே போகலை’ என்று வெட்டி எறிகிறோம். இல்லாவிட்டால், டூ பின் பிளக்கை நுழைக்க மேல் ஓட்டையில் பால்பாயிண்ட் ரீஃபிலை விட்டுக் கதவைத் திறக்கிறோம்.

பிளக் மாற்றுகிறவர்கள் நிறத்தில் ஏமாந்துபோகிற இடம் ஒன்று உண்டு. நம் வீட்டுச் சுவர் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஆனால், இப்போது வருகிற அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, கெட்டில் வயரில் பிரவுன்தான் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்த கோடு எர்த். நீலம் ஒரு இடத்தில் ஃபேஸ், இன்னொரு இடத்தில் நியூட்ரல்! போதாததற்கு, சிவப்பு வயர் தீர்ந்துபோய், கையில் கிடைத்த பச்சையை ஃபேஸாக இழுத்துவிட்டுப் போன புண்ணியவான்களும் இருக்கிறார்கள். நிறத்தை நம்பாதீர்கள், டெஸ்ட் பண்ணிப் பாருங்கள். த்ரீ ஃபேஸ் வீடாக இருந்தால் கூடுதல் கவனம்: ஒரே ஸ்விட்ச் போர்டுக்குள் இரண்டு வெவ்வேறு ஃபேஸ் வந்திருந்தால், நடுவே 400 வோல்ட் நிற்கிறது. நல்ல எலெக்ட்ரீஷியன் ஒரு ரூமுக்கு ஒரு ஃபேஸ் என்றுதான் பிரிப்பார்.

வயரிங்குக்கு ஐ.எஸ். 732, எர்த்துக்கு ஐ.எஸ். 3043 என்று இந்தியத் தரங்கள் தடி தடியாக இருக்கின்றன. நாம் படிக்க வேண்டாம். ஆனால் வேலைக்கு வருகிறவருக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் கிண்டியில் இருக்கிற மின் உரிம வாரியம் வயர்மேனுக்கும் உதவியாளருக்கும் சான்று கொடுக்கிறது. கேட்டால் கோபித்துக்கொள்கிறவரை அப்படியே அனுப்பிவிடுங்கள். வந்தவர் கீசருக்கு இரண்டரை சதுர மில்லி மீட்டருக்குக் குறைந்த வயர் இழுத்தாலும், எர்த்தையும் நியூட்ரலையும் ‘ரெண்டும் ஒண்ணுதான் சார்’ என்று சாக்கெட்டிலேயே முடிச்சுப் போட்டாலும், மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்து வழியனுப்பலாம். எர்த்தும் நியூட்ரலும் ஒன்றாகி, வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பிலும் ஃபேஸ் வந்து நிற்கும்.

மாடியில் துணி காயப் போடுகிற கம்பியையும் போய் ஒரு தடவை பாருங்கள். இரும்புக் கம்பியாக இருந்து, அதன் ஒரு முனை சர்வீஸ் வயர் வருகிற பைப்பில் கட்டியிருந்தால், இன்றைக்கே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். மழைக்காலத்தில் பேப்பரில் வருகிற சாவுகளில் பல அந்தக் கொடிக்கம்பியில்தான் நடக்கின்றன. ஒருவரைக் காப்பாற்றப் போன இன்னொருவரும் சேர்ந்து... வேண்டாம். யாரையாவது கரண்ட் பிடித்திருந்தால் ஆளைத் தொடாமல் மெயினைத் தேடி ஓடுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள். பிறகு 108. மூச்சு இல்லையென்றால், ஆம்புலன்ஸ் வருகிற வரை நெஞ்சின் நடுவில் நிமிஷத்துக்கு நூற்றிலிருந்து நூற்றிருபது தடவை, பலமாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

வாடகை வீட்டுக்காரர்களின் கேள்வி எனக்குத் தெரியும். ‘இதெல்லாம் ஓனர் பண்ண வேண்டியது. அவரோ பல்பு மாத்தவே பல் கடிக்கிறார். ஆர்.சி.சி.பி. கேட்டா காலி பண்ணச் சொல்லிடுவாரே!’

நான் குடியிருந்த ஒரு வீட்டில் ஓனரிடம் கேட்டேன். ‘‘முப்பது வருஷமா இருக்கோம், யாருக்கும் ஒண்ணும் ஆகலை தம்பி’’ என்றார். இந்த வாக்கியத்துக்குப் பதில் கிடையாது. ஆகியிருந்தால் சொல்ல அவர் இருக்க மாட்டார். அதனால் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, ‘‘எர்த் கசிஞ்சா கரண்ட் பில் எகிறுமாம் சார்’’ என்றேன். அது உண்மையும்கூட. கசிகிற கரண்ட்டையும் மீட்டர் எண்ணக்கூடும். ஓனரின் முகம் மாறியது. பொருள் என் செலவு, மாட்டுகிற கூலி அவர் செலவு என்று ஒப்பந்தமானது. சுமார் இரண்டாயிரம் ரூபாய் ஆனது. காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம் என்றும் பேசிக்கொண்டோம்.

மாட்டிய அன்றே அது மூன்று தடவை விழுந்தது. ‘‘பாத்தியா, புதுசா வாங்கி உபத்திரவம்!’’ என்றார் ஓனர். அண்ணன் ஒவ்வொரு பிளக்காக உருவிக்கொண்டே வந்து, ஓனர் வீட்டு வாஷிங் மெஷினை உருவியதும் நின்றார். அதன் அடியில் எலி கடித்த வயர் தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. ஓனரம்மா ரொம்ப நாளாகவே, ‘மெஷின் லேசா சுர்ருங்குது’ என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். ‘எண்ணெய் கை, அப்படித்தான் இருக்கும்’ என்று பதில் சொல்லப்பட்டதாம்.

ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று போட்ட ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாசம் ஒரு தடவை அதை அமுக்க வேண்டும். அமுக்கினால் வீடே ‘டப்’பென்று அணையும். அதனால் கம்ப்யூட்டரில் செய்துகொண்டிருப்பதை சேவ் பண்ணிவிட்டு, கிரிக்கெட்டில் கடைசி ஓவர் இல்லாத சமயமாகப் பார்த்து, வீட்டில் சொல்லிவிட்டு அமுக்குங்கள். அமுக்கியும் விழவில்லை என்றால், அந்தச் சாமான் செத்துவிட்டது. திரும்பத் திரும்ப அமுக்கிப் பிரயோஜனம் இல்லை. வாங்கிய பில்லைத் தேடி எடுத்துவைத்துக்கொண்டு, அன்றைக்கே எலெக்ட்ரீஷியனுக்குப் போன் பண்ணுங்கள்.